மூன்று வருடம் பிபி மிஷின்: என் கோபமெல்லாம் பட்டைமேல்தான்

போன வாரம் எங்கள் பிபி மிஷினின் காற்றுக்குழாய் விரிசல் விட்டது. காட்பாடியில் கொடுத்து மாற்றி வாங்கிவந்த மறுநாளே கூட வேலை பார்க்கும் டீச்சர், "எங்க அப்பாவுக்கு ஒண்ணு வாங்கணும், உங்களுது எப்படி டீச்சர்?" என்று கேட்டார். பள்ளிக்கூட இடைவேளையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மிஷின்மேல் குறை சொல்ல மாட்டேன். டாக்டரிடம் போகும்போது எடுத்துப்போய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். என் கையில் இரண்டு மூன்று எண்தான் வித்தியாசம். பிரச்சினை கையில் சுற்றுகிற பட்டை.

பெட்டியில் வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்கானது. என் வீட்டுக்காரருக்கு மேல்கை 36. ஒட்டும் பகுதி நுனியில் மட்டும் பிடிக்கும், காற்று ஏற ஏற பரபரவென்று பிரியும். நான் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். மேல் எண் 150, 148, 152. நான்கு மாதம் இப்படியே. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில்கூட உப்பைக் குறைத்தேன். உப்பு குறைந்தது நல்லதுதான். நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் "எனக்குத் தெரியாம எங்கயோ சாப்பிடுறீங்க" என்று அவரை எத்தனை நாள் பேசினேன்! அவர் பதில் பேசாமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாத்திரையைக் கூட்டி எழுதப்போன டாக்டர் அவர் கையைப் பார்த்துவிட்டு, "வீட்டுல என்ன பட்டை போடுறீங்க?" என்றார். பெரிய பட்டையைச் சுற்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்துப் பார்த்தார். 138. பட்டை சின்னதாக இருந்தால் ரத்தக்குழாயை அமுக்க அதிகக் காற்று தேவைப்படும், எண்ணும் ஏறித்தான் காட்டும். உள்ளே இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டுமாம். பெரிய பட்டை வந்தபின் வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும், காலையில் மாத்திரைக்கு முன், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை எடுத்தோம். மேல் எண் 132, 134. வீட்டு அளவுக்கு எல்லை 135/85, மருத்துவமனையில் என்றால் 140/90. மாத்திரை கூடவில்லை.

சுற்றளவு பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது, பொடி எழுத்தில். அதை நான் படித்திருக்க வேண்டும், சரி. விற்றவர் "யாருக்கும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? பெரிய பட்டைக்குத் தனியாக 950 ரூபாய், வந்துசேர மூன்று வாரம்.

இதே மிஷின்தான் போன கத்திரி வெயிலில் என் வீட்டுக்காரரைக் காப்பாற்றியது. காலையில் எழுந்தால் கிறுகிறுப்பு. வேலூர் வெயிலுக்கு எல்லாருக்கும் வருவதுதான் என்று விட்டிருப்போம். போட்டுப் பார்த்தால் 104/64. சூட்டில் ரத்தக்குழாய் விரியும், வியர்வையில் நீரும் உப்பும் போகும், அழுத்தம் இறங்கும். நாங்களாக எதையும் நிறுத்தவில்லை. அளவுகளை எழுதிவைத்த நோட்டைப் பார்த்து டாக்டர்தான் மாத்திரையைப் பாதியாக்கினார். ஐப்பசி மழை பிடித்ததும் எண் ஏறியது, பழைய அளவுக்கே திரும்பினார்.

இவ்வளவு சொல்லியும், இதே மாடலை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை டீச்சர். அந்த நான்கு மாதம் இன்னும் ஆறவில்லை. 22 முதல் 42 வரை பிடிக்கும் பட்டை பெட்டியோடு வருவதாகப் பாருங்கள். இன்றைக்கு ராத்திரி அப்பாவின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டைலர் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை கடைக்கு நானும் வருகிறேன்.