லேன் கேபிளைச் சுவருக்குள் விடப் போகிறீர்களா? பூச்சுக்கு முன் இதைப் பாருங்கள்

ஏமாந்த வீடுகளில் எல்லாம் கதை ஒன்றுதான். பெயின்ட் காய்ந்து, ஆளுக்குக் கணக்கு தீர்த்த பிறகுதான் மாடி அறையில் இணைய வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை என்று தெரியவரும். கூப்பிட்டுக் கேட்டால் “ரவுட்டரை மாத்திப் பாருங்க” என்பார்கள். கோளாறு சுவருக்குள் இருக்கும்.

முதல் தில்லுமுல்லு கேபிளில். உறையில் கேட்6 என்று கேபிளின் தர வகை அச்சடித்திருக்கும். உள்ளே அலுமினியக் கம்பி, மேலே செம்புப் பூச்சு. சிசிஏ என்பது இதுதான். மடக்கினால் ஒடியும். லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் பிஓஇ கேமராவுக்குக் கரன்ட் கொண்டுபோனால் சூடாகும். ஒரு துண்டு வெட்டி, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பளிச்சிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். கேபிள் ஏற்கெனவே பைப்புக்குள் போய்விட்டதா? உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு முறுக்கு ஜோடிகளாக இருக்கும்; மறுமுனையில் ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்து, இந்த முனையில் அதே ஜோடிமேல் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 30 மீட்டருக்கு நல்ல செம்பு 4 முதல் 5 ஓம் காட்டும், 5.6க்கு மேல் போனால் தரநிலைக்கு வெளியே. மீட்டரின் இரு முனைகளையும் ஒட்டவைத்து வரும் அளவைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள், இவ்வளவு சின்ன எண்ணில் அது பெரிய வித்தியாசம்.

மீட்டர் கணக்கில் கூலி என்றால், உறைமேல் வரிசையாக அச்சாகியிருக்கும் நீள எண்களை இரண்டு முனையிலும் படமெடுங்கள். கழித்தால் உண்மை நீளம் வந்துவிடும்.

அடுத்தது டெஸ்டர் நாடகம். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தால் “லைன் ஓகே” என்று கிளம்பிவிடுவார்கள். அந்தக் கருவி கம்பி தொடர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக வரிசைக்கு இரு முனையிலும் அடித்திருந்தாலும் எட்டும் எரியும். ஆனால் 3ஆம், 6ஆம் இடத்துக் கம்பிகள் இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியிலிருந்து வரவேண்டும். வராவிட்டால் ஒரு ஜோடியின் இரைச்சல் இன்னொன்றில் ஏறும். சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள், 1 முதல் 8 வரை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. முறுக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிந்திருக்கக் கூடாது. பிறகு இரு முனையிலும் கிகாபிட் போர்ட்டுள்ள கருவிகளைச் செருகி இணைப்பு வேகம் 1000 எம்பிபிஎஸ் காட்டுகிறதா பாருங்கள். 4, 5, 7, 8இல் ஒன்று அறுந்திருந்தாலும் 100க்கு இறங்கிவிடும்.

நீளம் போதாமல் நடுவில் முறுக்கி டேப் சுற்றிப் பூசிவிடுவதும் உண்டு. கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே லேனையும் திணிப்பது அதைவிட மோசம்: இழுக்கும்போது உறை உரசிக் கிழிந்தால் மின்சாரம் ரவுட்டர்வரை வந்துவிடலாம். தனி பைப் கேளுங்கள், 25 மில்லிமீட்டர்; திருப்பத்தில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம், மெல்ல வளையும் நீள பெண்டு போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். கேபிள் மோசம் என்று பிறகு தெரிந்தாலும் சுவரை உடைக்காமல் மாற்றிவிடலாம்.