உடம்பு முடியாத நேரத்தில் 18 பேருக்குச் சாப்பாடு: வெளியே சொல்வதா, ஆள் வைப்பதா, பங்கு பிரிப்பதா?

கடலூர்க்காரர்களுக்குப் பொங்கல் மூன்று நாளில் முடிவதில்லை. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா இருக்கிறது. சுற்று வட்டார ஊர்ச் சாமிகளெல்லாம் பெண்ணையாற்றுக்கு வந்து தீர்த்தவாரி நடக்கும். எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில், ஆற்றுக்கு நடந்தே போய்விடலாம். அதனால் சிதம்பரம், பண்ருட்டி, புதுச்சேரி என்று எங்கெங்கோ இருக்கும் என் வீட்டுக்காரரின் சொந்தங்கள் வருஷத்தில் அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். இந்த முறை பிள்ளைகளையும் சேர்த்து 18 பேர்.

இந்த முறை எனக்குச் சிக்குன்குனியா. ஐப்பசி மழையில் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, மூட்டுவலி விடவில்லை, சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. தேங்காய் துருவ முடியாது, 5 லிட்டர் குக்கரை அடுப்பிலிருந்து இறக்க முடியாது, அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் கணுக்கால் வீங்கிவிடும். "இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிடேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. மாமனாருக்கு 80 தாண்டிவிட்டது, தம்பி தங்கைகளை அவர் ஒன்றாகப் பார்ப்பதே அன்று ஒரு நாள்தான்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று. என் நோய் கொசு வழியாகப் பரவுவது, நான் சாதம் கிளறினால் யாருக்கும் வராது. உங்களுக்கு வாந்தி, பேதி என்றால் கதையே வேறு. அது நின்ற பிறகும் முழுசாக 48 மணி நேரம் மற்றவர்கள் சாப்பிடுகிற பொருளைத் தொடக்கூடாது. சளி, இருமல் காய்ச்சல் என்றாலும் சமையலறைப் பக்கமே போகாதீர்கள், கீழே நான்காவதாகச் சொல்லப்போகும், நாமே சமைக்கிற வழி உங்களுக்கு இல்லை.

இன்னொன்று, பந்தி வேண்டாம் என்பதை நான் முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பந்தி என்றால் பரிமாற ஆள் வேண்டும், அந்த ஆள் கடைசியில் வீட்டுப் பொம்பளைதான். அதுவும் ஆற்றுத் திருவிழா அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள். ஆற்றுக்குப் போய்விட்டு 11 மணிக்கே பசியோடு வருகிறவர்கள் உண்டு, 3 மணிக்கு வருகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட்டு அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் சரி. பஃபே என்று பெரிய பெயர் சொல்ல வேண்டாம், கோயில் அன்னதானத்தில் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறோமே, அந்த மாதிரி.

சரி, அந்த மேஜைக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? நான்கு வழி யோசித்தேன். எது மலிவு, எது ருசி என்று கேட்டால் உடம்பு முடியாதவருக்கு அந்தப் பதிலால் உபயோகம் இல்லை. நான் பார்த்தது இரண்டே விஷயம்: நான் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், என்னிடம் எத்தனை கேள்வி வரும். இரண்டாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது. படுத்திருக்கும்போது "உப்பு எங்கே", "எந்தப் பாத்திரம்", "எத்தனை பேர்" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டால் அது ஓய்வே இல்லை.

முதல் வழி, கேட்டரிங்கில் மொத்தமாகச் சொல்லிவிடுவது. நிற்கும் நேரம் ஏறக்குறைய இல்லை, கேள்வியும் இரண்டு போன் பேச்சோடு முடியும். இந்தக் கணக்கில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் சாப்பாடு ஒரே நேரத்தில் வந்து இறங்கும். 11 மணிக்கு வந்த தேங்காய் போட்ட பொரியலும் கூட்டும் 3 மணிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சமைத்த பொருளை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். பொங்கல் வாரத்தில் அவர்களுக்கும் வேலை நெருக்கடி. நான் கேட்ட இரண்டு இடத்திலும் 25 சாப்பாட்டுக்குக் குறைவாக எடுக்க மாட்டோம் என்றார்கள். போன வருஷம் ஒரு விசேஷத்துக்கு ஓரிடத்தில் சொல்லி, சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, பசி தாங்காமல் பிள்ளைகள் பிஸ்கட் தின்றதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்வேன்: உங்கள் வீட்டில் எல்லோரும் 1 மணிக்கு ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள், உங்களுக்கு இப்போதும் காய்ச்சல் அடிக்கிறது என்றால், வேறெதையும் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

இரண்டாவது, வீட்டுக்கே சமையல் ஆள் வைப்பது. எல்லோரும் எனக்குச் சொன்ன யோசனை இதுதான், நான் அடித்துச் சொல்லி மறுத்ததும் இதைத்தான். மூன்று வருஷம் முன்னால் தீபாவளிக்கு, இடுப்புப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்தபோது ஓர் அக்காவைச் சமைக்கக் கூப்பிட்டோம். நல்லவர், கைமணமும் உண்டு. ஆனால் அவருக்கு என் சமையலறை தெரியாது. சாமான் லிஸ்ட் நான் எழுத வேண்டும், பெரிய குண்டான் பரணில் எங்கே இருக்கிறது என்று நான் காட்ட வேண்டும், சிலிண்டர் தீர்ந்தால் நான் எழ வேண்டும், மாமியாருக்கு உப்பு குறைவு என்பதை நான் சொல்ல வேண்டும். காலை 6 மணியிலிருந்து சமையலறை வாசற்படியில் சாய்ந்துகொண்டு நின்றேன், படுக்கையில் கிடந்ததைவிட அன்றுதான் இடுப்பு மோசமானது. கையால் செய்கிற வேலை குறைகிறது, மேற்பார்வை முழுசாக நம் தலையில் வருகிறது. வீட்டில் வளர்ந்த மகளோ, எல்லாம் தெரிந்த அக்காவோ இருந்து, "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அப்படியே செய்தால் மட்டும் இது நல்ல வழி. இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவருவது. மாமியார் இதைக் கேட்டதும் முகம் சுருங்கினார். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு "நீயே கொண்டு வா" என்று எப்படிச் சொல்வது என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து வருஷமாக என் கையால் சாப்பிட்டவர்கள், ஒரு வருஷம் ஒரு தூக்குவாளி கொண்டு வருவதில் யாருக்கும் மரியாதை குறையப்போவதில்லை என்று நான் உறுதியாக நம்பினேன், அப்படியே சொல்லவும் செய்தேன். அப்புறம் அவரே போனை எடுத்து ஆளாளுக்குப் பேசினார்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. "உங்களால் முடிந்ததைக் கொண்டு வாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் மூன்று வீட்டிலிருந்து கேசரி வரும், தயிர் ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். இன்னார் இதை, இத்தனை பேருக்கு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பயணத்தில் கெடாததாகவும், வந்து சூடாக்கத் தேவையில்லாததாகவும் இருக்க வேண்டும். சிதம்பரத்துச் சின்ன மாமியாரிடம் கத்திரிக்காய் கொத்சு கேட்டோம். அந்த ஊர் கொத்சுவின் பெருமை எல்லோருக்கும் தெரியும். புளியும் எண்ணெயும் சேர்ந்தது, தேங்காய் கிடையாது, ஆறினாலும் ருசி போகாது. பண்ருட்டி நாத்தனாரிடம் முந்திரி பக்கோடா. பலாப்பழம் கேட்கலாம் என்றால் தை மாதம் அதற்குப் பருவம் இல்லை. புதுச்சேரிக் கொழுந்தனார் வீட்டுக்குச் சமைக்கிற வேலையே வைக்கவில்லை, பேக்கரியிலிருந்து பிரெட்டும் பிள்ளைகளுக்குக் கேக்கும் வாங்கி வந்தால் போதும் என்றோம். சமைக்கத் தெரியாத கல்யாணமாகாத பையன்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர் கேன், வாழைப்பழம். மீன் வறுவல் வேண்டும் என்று கொழுந்தனார் கேட்டார், துறைமுகத்தில் அன்று காலையே வாங்கிவிடலாம் என்றார். முடியாது என்றேன். கழுவி, மசாலா தடவி, சூடாகப் பொரித்துக்கொண்டே யாராவது அடுப்படியில் நிற்க வேண்டும், வருகிறவர்கள் நாலு வேளையாக வருகிற நாளில் அது நடக்காது.

நான்காவது, நானே செய்வது. ஆனால் ஒரே நாளில் இல்லை, மூன்று நாளாக நீட்டி, உட்கார்ந்தபடி. கலந்த சாதம் மாதிரி இதற்கு ஏற்றது எதுவும் இல்லை. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்னாலேயே செய்துவிடலாம், புளிப்பும் எண்ணெயும் அதைக் காப்பாற்றும். ஒரு கிலோ அரிசிக்குப் புளி 150 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கேஸ் அடுப்பைத் திண்டிலிருந்து இறக்கித் தரையில் வைத்துக்கொண்டு, மனை போட்டு உட்கார்ந்தே கிளறினேன். உட்கார்ந்து எழுவதற்கு மட்டும் வீட்டுக்காரர் கை கொடுத்தார்.

தயிர்சாதத்துக்கு அரை கிலோ அரிசியைக் குழைய வேகவைத்து, ஆறியதும் ஒன்றரை லிட்டர் காய்ச்சிய பாலில் பிசைந்து, தயிர் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். காலையில் கலந்தால் மதியத்துக்குள் உறைந்து பதமாகிவிடும், தயிரையே கொட்டிப் பிசைந்தால் 3 மணிக்கு வருகிறவர் வாயில் வைக்க முடியாதபடி புளித்துவிடும். இதை இரண்டு பாத்திரமாகப் பிரித்து ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

கொத்சுவுக்கு வெள்ளைச் சாதம் வேண்டும். அதில் கவனம் வேண்டும். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமி இருக்கும், அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெந்த சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சில் வாந்தி எடுக்க வைக்கிற வகை, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் மின்சாரக் குக்கரில் 10.45க்கு ஒரு தரம், 1.15க்கு ஒரு தரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வைக்கச் சொன்னேன். அது வீட்டுக்காரர் வேலை. அரிசி களைந்து பொத்தானை அழுத்த என்னைக் கேட்கத் தேவையில்லை, அளவை ஒரு சீட்டில் எழுதிக் குக்கர் மேலேயே ஒட்டிவிட்டேன்.

இந்த நான்காவது வழியை மட்டும் முழுசாக எடுத்திருந்தால், எலுமிச்சை சாதம், பொரியல், இனிப்பு எல்லாம் சேர்த்து மூன்று நாளில் இரண்டரை மணி நேரமாவது நின்றிருப்பேன். அது என்னால் முடியாது. மூன்றாவதை மட்டும் எடுத்தால், சிதம்பரத்துப் பஸ் தாமதமானால் மேஜையில் ஒன்றுமே இருக்காது. ஆகவே இரண்டையும் சேர்த்தேன். வயிறு நிறைகிற புளியோதரை, தயிர்சாதம், வெள்ளைச் சாதம் எங்கள் வீட்டில், ருசிக்கும் பக்கத்துக்கும் வருகிறவை வெளியிலிருந்து. யாராவது ஒருவர் வராமல் போனாலும் யாரும் பசியோடு திரும்ப மாட்டார்கள். அப்பளம் பொரித்தது பக்கத்து வீட்டு அக்கா, ஊறுகாய் கடையில் வாங்கியது. இப்படிச் செய்ததில் மூன்று நாளிலும் சேர்த்து நான் நின்றது முக்கால் மணி நேரத்துக்குள்தான் இருக்கும்.

கேள்விகளைக் குறைத்தது சீட்டுகள். திண்ணையில் இரண்டு மேஜை, ஓரத்தில் தட்டு, அடுத்து புளியோதரை, வெள்ளைச் சாதம், கொத்சு, கடைசியில் தயிர்சாதம். தண்ணீர் கேன் எதிர் மூலையில், அங்கேயே வைத்தால் கூட்டம் முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயர் எழுதி ஒட்டினேன், "காரம் இல்லை, பிள்ளைகளுக்கு", "மாமாவுக்கு உப்பு குறைத்தது" என்பது வரை. இரண்டாவது தயிர்சாதம் ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில், குப்பைப் பை எங்கே, எச்சில் தட்டு எங்கே போட வேண்டும், எல்லாம் சுவரில் ஒரே தாளில். பொறுப்பு யாருக்கு என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் சுற்றிச் சுற்றி நம்மிடம்தான் வருவார்கள். எங்கள் வீட்டில் நாத்தனார் எடுத்துக்கொண்டார். 12 மணிக்கு நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன், 2 மணி வரை யாரும் தட்டவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆற்றுத் திருவிழா அன்று மதியம் நான் தூங்கியது இதுதான் முதல் தடவை.

தப்பு நடந்தது கொத்சுவில். 18 பேருக்கு என்று சொன்னது சரிதான், ஆனால் முதலில் வந்தவர்கள் புளியோதரைக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள், 1.30க்குள் தீர்ந்துவிட்டது. கடைசியில் வந்தவர்கள் ஊறுகாயோடு சாப்பிட்டார்கள். அடுத்த தரம் பக்கத்துக்கு வைப்பதை ஒன்றரைப் பங்காகச் சொல்லி, பாதியை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

சாயங்காலம் ஆற்றுக்குப் போன கடைசிக் கூட்டம் சுருளிக்கிழங்கு வாங்கி வந்தது. திருவிழாவுக்கு அது இல்லாமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். நாத்தனார் குக்கரில் போட்டு வேகவைத்து ஒரு தட்டில் கொட்டினார். எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து உரித்துத் தின்றோம். என் விரலால் தோலை உரிக்க முடியவில்லை, சின்ன மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து என் கையில் வைத்தார்.