பழைய உழவு மிசின் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பெரும்போகம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது 19 இலட்சம் கொடுத்து ஒரு பழைய மாசி பெர்குசன் 240 வாங்கினேன். திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் எங்களுக்கு 6 ஏக்கர் வயல். அதை உழுதுவிட்டுப் பக்கத்து வயல்களையும் கூலிக்கு உழுதால் கடனை அடைக்கலாம் என்பது கணக்கு. வயலில் இறக்கிய மூன்றாம் நாளே மிசின் சேற்றுக்குள் நின்றுவிட்டது.

240ஐத் தேடிப் போனதில் பிழையில்லை. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின், சாமான் தட்டுப்பாடு இல்லை, கந்தளாயிலும் கிண்ணியாவிலும் இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய மிசின்களின் விலையும் ஏறியிருந்தது. அதனால் கொஞ்சம் குறைத்துச் சொன்னவரிடம் மனம் சாய்ந்துவிட்டது. நான் பிழைவிட்டது பார்த்த விதத்தில்.

தரகர் காலையில் போன் பண்ணி, "பத்தரைக்கு வாங்க தம்பி, ஆள் நிற்பார்" என்றார். போனோம். புதுச் சிவப்புப் பெயின்ட், ஆணித் தலைகள்கூடச் சிவப்பு. ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகியது, புகையும் இல்லை. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே பொனட்டில் கை வைத்தேன், சுட்டது. வெயில் என்று நினைத்தேன். மிசின் நின்றதோ வேப்பமர நிழலில். நாங்கள் வருவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கியிருக்கிறார்கள். தேய்ந்த எஞ்சின் குளிரில்தான் முரண்டு பிடிக்கும், புகை கக்கும். சூடாக இருந்தால் அது தெரியாது.

கலப்பை எங்கே என்று கேட்டதற்கு, "வயலில் கிடக்கு" என்றார்கள். கலப்பை தூக்கும் லிஃப்டை வெறுமையாகத் தூக்கிக் காட்டினார்கள், தூக்கியது. பின்பக்க ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன், தேன் நிறத்தில் சுத்தமான ஒயில். நல்லாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

வயலில் இறக்கியதும் முதல் நாள் சரி. இரண்டாம் நாள் கலப்பை தூக்கிய இடத்தில் நிற்காமல் துள்ளியது. மூன்றாம் நாள் பின்னால் அரைக்கிற சத்தம். கராஜில் இருந்த வயதான மெக்கானிக் அதே குச்சியை இழுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "பார் மகன், பால் தேத்தண்ணி." உண்மையிலேயே அந்த நிறம்தான். ஒயிலில் தண்ணீர் கலந்தால் இப்படி வெளுக்கும். இந்த மிசினில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் பம்ப் மூன்றும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. இரும்புச் சில்லுப் போட்டுச் சேற்றில் உழும்போது சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய் எல்லாவற்றையும் தின்னும். பக்க மூடியைக் கழற்றினார். பம்பின்மேல் துருப் படிந்திருந்தது, பெயரிங்கைச் சுற்றினால் மணல் போல நெறுநெறுத்தது. இது மூன்று நாளில் வந்த துரு இல்லை. விற்பதற்கு முன் பழைய ஒயிலை இறக்கிப் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள்.

திருத்த 3 இலட்சத்து 40 ஆயிரம் போனது. உழவுக் காலமும் போனது. என் சொந்த வயலையே வேறு மிசினுக்குக் கூலி கொடுத்து உழுதேன். விற்றவரிடம் கேட்டதற்கு, "பழசு என்று தெரிந்துதானே எடுத்தீங்க" என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. கையில் ஒரு துண்டு எழுத்தும் இல்லாமல் நான் எங்கே போய்ச் சொல்வது?

தயவு செய்து, விடியற்காலையில் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறும்வரை இருங்கள். ஓடும்போது எஞ்சின் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை தள்ளினால் உள்ளே தேய்ந்துவிட்டது. கலப்பையைப் பூட்டித் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். மெல்ல மெல்ல இறங்குவது வேறு, சட்டென்று நிலத்தில் வந்து இருந்தால் வேண்டாம். பின்பக்க ஒயில் புதிதாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பின்பக்க ஒயில் மூடியின் உட்பக்கத்தை விரலால் தடவுங்கள். வெள்ளைப் பசையோ துருவோ இருந்தால் ஒயில் சொல்லாததை அது சொல்லும். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போக ஐயாயிரம் கொடுத்தாலும் அது நட்டமில்லை.

பதிவுப் பத்திர விஷயத்தில் மட்டும் நான் தப்பினேன். ஆனாலும் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா, எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

போன கிழமை மூதூரில் இருக்கும் மச்சான் போன் பண்ணினான், ஒரு 240 பார்த்திருக்கிறானாம், புதுப் பெயின்டாம். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு அந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு நானே போகிறேன். விற்கிறவருக்கு இன்னும் சொல்லவில்லை.