கியூபெக் உழவர் குடும்பத்தின் வம்சாவளி: பதிவேடுகளோடு பல ஆண்டுகள்

என் கணவரின் தாய்வழி முன்னோர் கனடாவின் கியூபெக் நகருக்குக் கிழக்கே, புனித லாரன்ஸ் ஆற்றங்கரையில், தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். அந்த வழியைத் தேட நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருபவை மூன்று: மோன்றியல் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்றுத் திட்டத்தின் தரவுத்தளம், ட்ரூவான் நிறுவனத்தின் பங்குக் கோயில் (ஊர்த் தேவாலய) பதிவேட்டுப் படங்கள், கியூபெக் அரசு ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தரும் நோட்டரி பத்திரங்கள் (சொத்து, ஒப்பந்தம் போன்றவற்றுக்கு நோட்டரி எழுதிய ஆவணங்கள்). முதலாவதைத்தான் பலரும் புகழ்கிறார்கள். என் மதிப்பில் மூன்றாவதே உயர்ந்தது.

தரவுத்தளத்தின் வலிமை அது எடுத்தாளும் மூலப்பதிவுகளில் இருக்கிறது. 1621இலிருந்து கிடைக்கும் கத்தோலிக்கப் பதிவேடுகளில், திருமணப் பதிவு பெரும்பாலும் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரையும் தருகிறது. பெண்களும் மணமான பின்பு பிறந்த வீட்டுப் பெயரிலேயே குறிக்கப்படுகிறார்கள். ஆகவே ஒரு திருமணத்திலிருந்து அதற்கு முந்தைய தலைமுறையின் திருமணத்துக்குப் படிப்படியாக ஏறிவிடலாம். பதிவேட்டின் ஒரு படி கோயிலிலும் இன்னொரு படி நீதிமன்றத்திலும் வைக்கப்பட்டதால், கோயில் எரிந்துபோன ஊர்களிலும் பல குடும்பங்களின் தொடர்ச்சி அறுபடவில்லை. இவற்றைக் குடும்பவாரியாகத் தொகுத்துத் தருவதால், கொடுக்கும் கட்டணத்துக்கு அது தகும்.

ஆனாலும் தொகுப்போடு நின்றுவிடாமல், ட்ரூவான் படங்களில் மூலத்தையும் பார்த்துவிட வேண்டும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது அக்காலத்தில் வழக்கம். ஒரே குடும்பத்தின் கிளைகள் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு பிரிந்துபோவதும் உண்டு. மிவீல் குடும்பத்தின் ஒரு கிளை தெஷேன் ஆனது அப்படித்தான். ஞானஸ்நானச் சாட்சிகள் யார், கையெழுத்துப் போடத் தெரிந்தவர் யார் என்பதெல்லாம் மூலத்தில்தான் தெரியும்.

பிறப்பும் இறப்பும் தெரிந்துவிட்டதால் ஓர் உழவரைத் தெரிந்துகொண்டதாகிவிடாது. அவரை நோட்டரி பத்திரங்களில்தான் சந்திக்க முடியும். முதுமை எய்திய பெற்றோர் நிலத்தை ஒரு மகனுக்குத் தானப் பத்திரமாக எழுதிவைத்து, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் தமக்குத் தர வேண்டிய கோதுமை, கொழுத்த பன்றி, அடுப்புக்கு ஏற்ற அளவில் வெட்டிய விறகு, பால் தரும் பசு, நோயுற்றால் வைத்தியரையும் பாதிரியாரையும் அழைத்துவரும் பொறுப்பு, இறந்தபின் ஒப்புக்கொடுக்க வேண்டிய பூசைகள் என ஒன்றுவிடாமல் நிபந்தனையாக்கியிருப்பார்கள். மனைவியோ கணவனோ இறந்தபின் எடுக்கப்படும் சொத்துப் பட்டியலோ வீட்டுக்குள்ளேயே நம்மை அழைத்துச்செல்லும்: ஓட்டை விழுந்த குண்டான், தேய்ந்த கலப்பைக் கொழு, வயதோடு குறிக்கப்பட்ட எருது. கையெழுத்தைப் படிப்பது கடினம். ஒரு நோட்டரியின் எழுத்து கண்ணுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். அந்த உழைப்பு வீண்போவதில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குக் கனடாவின் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வேளாண் படிவங்கள் நல்ல துணை. ஒவ்வொரு குடும்பமும் எத்தனை ஏக்கரில் பயிரிட்டது, எவ்வளவு உருளைக்கிழங்கு எடுத்தது, எத்தனை பவுண்டு மேப்பிள் சர்க்கரை காய்ச்சியது என்பதுவரை அவற்றில் உண்டு.

கியூபெக்கில் பலருடைய வழிகளைப் போலவே எங்கள் தேடலும் ஸகரி குளூத்தியேயில் போய்ச் சேர்ந்தது. பிரான்சின் பெர்ஷ் பகுதியைச் சேர்ந்த தச்சரான அவர், நிலக்கிழார் ரொபேர் ஜிஃபாருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு 1634இல் வந்து, கியூபெக் நகருக்கு அருகிலுள்ள போபோரில் காடு திருத்தி நிலம் கண்டவர்; 1677இல் ஷாத்தோ-ரிஷேயில் இறந்தார். எழுதத் தெரியாத அவர் பத்திரங்களில் தம் அடையாளமாக ஒரு கோடாரியை வரைந்தார். 1800க்கு முன் மணம்புரிந்த அவருடைய வழித்தோன்றல்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல் என்று மோன்றியல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அவருக்கும் முந்தைய தலைமுறைகளைத் தேடுவோர் அவர் ஊர் அடங்கிய பிரான்சின் ஓர்ன் மாவட்டக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் பங்குக் கோயில் பதிவேடுகளுக்குப் போக வேண்டும். அங்கே எழுத்தும் பழையது, இடைவெளிகளும் அதிகம், ஆகவே கியூபெக் பத்திரங்களில் கண் பழகிய பிறகு அவற்றைத் தொடுவது நல்லது.