செயின் போடுவதா, வரி வரியாக எழுதுவதா?

மொரீஷியஸில், எபென் சைபர் சிட்டியில் எங்கள் குழுவுக்குள் அடிக்கடி வரும் வாக்குவாதம் இது. வெப் புரோகிராமிங் மொழியான பிஎச்பியில் மெத்தட்களை (பெயர் சொல்லிக் கூப்பிடும் செயல்களை) அம்புக்குறியால் கோத்து ஒரே மூச்சில் எழுதுவதா, ஒவ்வொன்றையும் தனி வரியில் வைப்பதா? எல்லா இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது. அந்த மெத்தட் எதைத் திருப்பித் தருகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மெத்தட் தன் வேலையை முடித்துவிட்டு அதே ஆப்ஜெக்டை, அதாவது தரவும் மெத்தட்களும் சேர்ந்த அதே தொகுப்பைத் திருப்பித் தந்தால், அடுத்த மெத்தட்டை அதன்மேலேயே கூப்பிடலாம். 2004-இல் வந்த பிஎச்பி 5 இதற்கு வழி திறந்தது. 2006-இல் வந்த ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இதை வெப் புரோகிராமர்களின் அன்றாடப் பழக்கமாக்கியது.

டேட்டாபேஸிலிருந்து தகவல் கேட்டு எடுப்பது (குவெரி) என்றால் என் ஓட்டு செயினுக்குத்தான். உதாரணத்துக்கு, ஒரு கோயிலின் காவடிப் பதிவுப் பக்கத்தில் காத்ர் போர்ன் ஊர்க்காரர்களை மட்டும் பெயர் வரிசையில் எடுக்க வேண்டும். லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் டேபிள், வேர், ஆர்டர்பை, கெட் என்று கோத்தால் வாசிக்கும்போதே புரிந்துவிடும். தனி வரிகளில் எழுதினால் ஒரே வேரியபிள் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவதுதான் மிச்சம். நடுவில் சோதிக்க 'டம்ப்' என்ற மெத்தட்டைச் செருகலாம், செயின் அறுபடாது.

தேதி விஷயம் அப்படியல்ல. 2025-இல் தைப்பூசக் காவடி பிப்ரவரி 11 அன்று வந்தது. பத்து நாள் முன்னதாக விரதம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். திருநாள் என்ற டேட்டைம் ஆப்ஜெக்டின்மேல் (தேதியை வைத்திருக்கும் பிஎச்பி ஆப்ஜெக்ட்) 'மாடிஃபை' போட்டுப் பத்து நாளைக் குறைத்து, கிடைப்பதை விரதத் தொடக்கம் என்ற வேரியபிளில் வைக்கிறோம். விரதத் தொடக்கம் பிப்ரவரி 1 என்று சரியாகவே வரும். ஆனால் திருநாளும் பிப்ரவரி 1 ஆகிவிடும்! மாடிஃபை புதிய தேதியைத் தரவில்லை, பழையதையே திருத்தித் தந்திருக்கிறது. அடிமைமுறை ஒழிப்பு நாளான பிப்ரவரி 1-ம் இங்கே அரசு விடுமுறைதான். அதனால் பக்கத்தில் 'விடுமுறை' என்று காட்டினாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்கு மாற்றாக 2013-இல் பிஎச்பி 5.5 தந்தது டேட்டைம் இம்மியூட்டபிள். ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் தரும், பழையது அப்படியே இருக்கும். ஆனால் திரும்பி வருவதை வேரியபிளில் பிடிக்காமல் விட்டால் எதுவுமே மாறியிருக்காது. ஆகவே தேதிக்கு நான் இம்மியூட்டபிளையும் தனித்தனி வேரியபிள்களையும்தான் கேட்பேன். இரண்டு வரி கூடினால் கூடட்டும்.

அப்புறம் நல், அதாவது 'மதிப்பு எதுவும் இல்லை' என்பது. செயினின் நடுவில் ஒரு மெத்தட் நல் தந்தால் அடுத்த அழைப்பு பிழையாகிவிடும். 2020-இல் பிஎச்பி 8 கொண்டுவந்த கேள்விக்குறி அம்பு (?->) அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். விருப்பப்பட்டால் நிரப்பும் போன் நம்பருக்கு அது சரி. கட்டாயம் இருக்க வேண்டிய பதிவு எண்ணுக்குப் போட்டால் உண்மையான பிழையை மூடி மறைத்துவிடும்.

உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போன்ற ஆப்ஜெக்டுக்குச் செயினைவிட, அதே பிஎச்பி 8-இல் வந்த நேம்டு ஆர்குமென்ட் (ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயர் சொல்லிக் கொடுப்பது) எவ்வளவோ மேல். செயினில் முகவரியைக் கொடுக்க மறந்தால் அனுப்பும்போதுதான் தெரியவரும். ஆப்ஜெக்டை உருவாக்கும் மெத்தட்டான கன்ஸ்ட்ரக்டர் கட்டாயமாகக் கேட்கும் முகவரி விடுபட்டால், ஆப்ஜெக்ட் உருவாகும் வரியிலேயே பிழை வந்து நிற்கும்.