புசுபுசு முடியெல்லாம் பெர்சியன் ஆகிவிடாது

கோவையில் பூனைக்குட்டி வாங்க நினைப்பவர்கள் முன்பணம் அனுப்புவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

போன ஆடியில் மகளின் பிறந்தநாளுக்காக நீள முடியுள்ள பெர்சியன் இனப் பூனைக்குட்டி ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். "சுத்தமான டால் ஃபேஸ், இரண்டு மாதக் குட்டி, முதல் தடுப்பூசி போட்டாயிற்று" என்றார் விற்றவர். டால் ஃபேஸ் என்றால் மூக்கு தட்டையாக இல்லாத பெர்சியன். தாய்ப்பூனையைப் பார்க்கக் கேட்டேன். அது ஊரில் இருக்கிறது என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பஸ் நிலையத்துக்கு வெளியே, அட்டைப்பெட்டியில் வைத்துக் குட்டியைக் கொடுத்தார். அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். அதற்குள் மகள் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுவிட்டாள்.

மறுநாள் கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். பின்பற்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. எடை 450 கிராம். "ஐந்து வாரத்தைத் தாண்டியிருக்காது. இதற்கு யார் தடுப்பூசி போட்டது?" என்று கேட்டார். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டு இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. தாய்ப்பால் குடிக்க வேண்டிய குட்டியைப் பிரித்து விற்றிருக்கிறார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. பத்தே நாளில் அதன் காதோரம் படர்தாமரை தெரிந்தது, பிறகு மகளின் கையிலும். இருவருக்கும் ஆறு வாரம் மருந்து.

குட்டிக்கு மல்லி என்று பெயர் வைத்தோம். அவள் வளர வளர மற்றதும் விளங்கியது. பெர்சியனுக்குக் குட்டையான தடித்த கால்கள், அகன்ற உருண்டைத் தலை, நுனி உருண்ட சிறிய காதுகள். மல்லிக்கு நீண்ட கால்கள், கூர்ந்த பெரிய காதுகள். நீள முடி கழுத்திலும் வாலிலும் மட்டும்தான் நின்றது. ஐந்தாறு வாரத்தில் எந்தக் குட்டியும் புசுபுசுவென்றுதான் இருக்கும். மூக்கு தட்டையாக இல்லையே என்று கேட்டால் 'டால் ஃபேஸ்' என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

மருத்துவர் சொன்ன ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நீள முடி ஒடுங்கு மரபணுவால் வருவது, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் அது வெளியே தெரியும். குட்டை முடியுள்ள இரண்டு நாட்டுப்பூனைகள் அதை மறைவாகச் சுமந்திருந்தால், அவற்றுக்கும் சடைமுடிக் குட்டி பிறக்கும். ஆக, மல்லியைப் 'பாதி பெர்சியன்' என்று சொல்வதற்குக்கூட ஆதாரமில்லை. நீலக் கண்ணும் அப்படித்தான்: எல்லாக் குட்டிகளுக்கும் முதலில் நீலமாக இருந்து, ஆறேழு வாரத்துக்குப் பிறகே நிறம் மாறத் தொடங்கும். உடலில் வரியும் புள்ளியும் இருந்தாலே 'பெங்கால்' இனப் பூனை என்பவர்களையும் நம்பாதீர்கள்.

லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது 1871-இல். இன்றைய இனங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு ஆட்கள் தேர்ந்தெடுத்து, வம்சாவளியை ஏட்டில் எழுதி வளர்த்தவை. அதனால் இனத்துக்குச் சாட்சி அந்த ஏடுதான். 1906-இல் அமெரிக்காவில் தொடங்கிய சி.எஃப்.ஏ. (Cat Fanciers' Association) போன்ற பூனை இனப் பதிவு அமைப்பின் எண், தாய் தந்தையின் பதிவுப் பெயர்கள், முந்தைய தலைமுறைகள் எல்லாம் வம்சாவளிச் சான்றிதழில் இருக்க வேண்டும். பெர்சியன் என்றால், சிறுநீரகத்தில் நீர்க்கட்டி உண்டாக்கும் பரம்பரை நோய்க்குப் பெற்றோரைச் சோதித்த அறிக்கையையும் கேளுங்கள்.

நான் சான்றிதழ் கேட்டபோது, "தனியாக 5,000 கொடுத்தால் எடுத்துத் தருகிறேன்" என்றார் விற்றவர். பெற்றோர் பதிவாகாத குட்டிக்கு எந்தப் பணத்தாலும் அதை எடுக்க முடியாது. அதைச் சொன்னதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

மல்லி எங்களோடுதான் இருக்கிறாள், எங்கேயும் அனுப்பப்போவதில்லை. ஆனால் எனக்குக் காட்டிய அதே தாய்ப்பூனையின் படம், அதே பச்சைத் திரைச்சீலையோடு, நேற்று வேறொரு விளம்பரத்தில் வந்திருக்கிறது. இம்முறை விலை 16,000.