பாக்ஸ் ஹில் பூன் சோய்: அடியில் கிடந்த முள்ளங்கிக்காகவே வாங்கலாம்

என் அம்மா மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த சீனர், வீட்டில் கான்டனீஸ் பேசுவார். அப்பா தமிழர். தீபாவளிக்கு முறுக்கு பிழியும் அதே கையால்தான் சீனப் பெருநாளுக்கு முந்தின இரவு அம்மா பூன் சோய் என்ற அடுக்கு விருந்துச் சட்டியை அடுக்குவார். குடும்பம் மொத்தமும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இரவு அது. நான் மெல்பர்னுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. 2025இல் அந்த இரவு ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. இங்கே விடுமுறை கிடையாது. வேலை விட்டு வந்து பத்துப் பன்னிரண்டு சாமானைத் தனித்தனியாகச் சமைத்து அடுக்க நேரம் ஏது? பாக்ஸ் ஹில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கான்டனீஸ் கடையில் இரண்டு வாரம் முன்பே சொல்லி வைத்தேன். ஆறு பேருக்கான சட்டி 268 டாலர். மண்சட்டிக்கு 20 டாலர் முன்பணம், சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

பூன் சோய் ஹாங்காங்கின் மதில் சூழ்ந்த பழைய கிராமங்களில் ஊர் கூடிச் சாப்பிட்ட விருந்து. தனித்தனித் தட்டு இல்லை. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் கைவைப்பார்கள். மேலே அபலோன் என்ற கடல் நத்தை, இறால் என்று விலை கூடிய சாமான்கள். அதற்குக் கீழே கோழி, காய்ந்த சிப்பி, காளான், பன்றி இறைச்சி, ஃபூச்சோக் என்ற சோயாப்பால் ஆடை. அடியில் வெள்ளை முள்ளங்கி. மேலிருந்து இறங்கும் சாறெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். யார் வீட்டுப் பூன் சோயானாலும் அம்மா முதலில் முள்ளங்கியைத்தான் தோண்டிப் பார்ப்பார்.

நானும் தோண்டினேன். இரண்டு விரல் தடிமனில் வெட்டியிருந்தார்கள். தேன் நிறம் ஏறியிருந்தது, ஆனால் குழையவில்லை. கரண்டி விளிம்பால் அழுத்தியதும் பிளந்தது. வாயில் வைத்தால் முதலில் சிப்பியின் கடல் வாசம், பிறகு காளான், கடைசியில்தான் முள்ளங்கியின் இனிப்பு. காளானும் நன்றாக ஊறித் தடித்திருந்தது. கோழி நல்ல கோழி.

இறால்தான் பதம் கெட்டுவிட்டது. கடையில் ஏற்கெனவே முழுக்க வேகவைத்திருக்கிறார்கள். வீட்டில் அவர்கள் சொன்னபடி சின்னத் தீயில் 25 நிமிஷம் சூடாக்கியதும் ரப்பராகிவிட்டது. கூடவே கொடுத்த யீ சாங்கில் (பெருநாளுக்கு எல்லோரும் "லோ ஹெய்" என்று சொல்லிக் குச்சியால் தூக்கிக் கலக்கும் காய்கறிக் கலவை) பிளம் சாஸ் தித்திப்பு திகட்டியது. எலுமிச்சை பிழிந்து சரிசெய்தேன். என் மகளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "லோ ஹெய்!" என்று கத்திக்கொண்டு குச்சியால் கேரட்டை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினாள்.

மீனை மட்டும் நானே அவித்தேன். இங்கே பாராமுண்டி என்று விற்பது நம் ஊர் சியாகாப்தான், தமிழில் கொடுவா. கான்டனீஸில் மீனைச் சொல்லும் 'யூ', மிச்சத்தைச் சொல்லும் சொல்லைப் போலவே ஒலிக்கும். அதனால் வாலும் தலையும் மறுநாளுக்கு மிஞ்ச வேண்டும். மேசையில் நாங்கள் மூன்று பேர், மனைவியின் தங்கை, டிக்கெட் விலையைப் பார்த்து ஊருக்குப் போகாமல் இருந்துவிட்ட இரண்டு மலேசியச் சீன மாணவர்கள். அதில் ஒரு பையன் ஃபூச்சோக்கை எடுத்து வாயில் போட்டவன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவனுடைய போபோ, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, இப்படித்தான் சமைப்பாராம். அவன் கிண்ணத்தில் இன்னொரு துண்டு வைத்தேன்.

எங்களுக்கு மணி ஏழு, ஈப்போவில் நான்கு. அம்மாவை வீடியோவில் கூப்பிட்டபோது அவர் இன்னும் சட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். அபலோன் எத்தனை என்றெல்லாம் கேட்கவில்லை. "முள்ளங்கியைக் காட்டுடா" என்றார். பாதி கடித்த துண்டை கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நல்லா ஊறியிருக்கு. என்ன, தோலை இன்னும் கொஞ்சம் ஆழமா சீவியிருக்கலாம்."

வாங்க நினைப்பவர்கள் இறாலைப் பச்சையாகத் தனியே கட்டித் தரச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் மேலே வைத்து மூடினால் போதும். சட்டியை மறுநாளே திருப்பிக் கொடுக்க வேண்டாம், ஒரு வாரம் தவணை தருகிறார்கள். அடியில் தங்கிய சாற்றை நாங்கள் அடுத்த நாள் காலையில் மீ (நூடுல்ஸ்) போட்டுக் கிளறிச் சாப்பிட்டோம்.